பலகை அறைந்த ஜன்னல்கள்

ஆடி மாதம், செவ்வாய் இரவு.

எவரும் நம்பாத கதையொன்றைச் சத்தியம் பண்ணி எழுதுகிறேன். தங்கச்சியின் மகள் அனு படிக்கிற வகுப்பின் கூரைக்குள் ஏழாயிரம் வௌவால்கள் இராச்சியம் நடத்துகின்றன. அவை போட்ட எச்சத்தூளில் கழுத்தளவு புதைந்து நின்றே வாத்தியார் படிப்பிக்கிறார்.

சோளகக் காற்று மணலைக் கொண்டுவருமென்று ஜன்னல்களுக்கெல்லாம் பலகை அறைந்திருக்கிறார்கள். தூசி வெளியே போக வழியில்லை. இன்று பள்ளிக்கூட அதிபரிடம் போனேன்.

"பலகையைக் கழற்றுங்கோ, பிள்ளைக்கு முட்டு, மூச்சு இழுக்குது."

"மணல் வந்தால் கொம்பியூட்டர் பழுதாப் போகும், அண்ணை."

"ஓம், கொம்பியூட்டருக்கெண்டாலும் மூச்சு நல்லா வருதோ?"

சிரித்தார். பலகை அசையவில்லை.

வௌவால் கணக்கு என் கைச்சரக்கு. பக்கத்து அறையில் அனு இழுத்து இழுத்து மூச்சு விடுகிற சத்தம் மட்டும் உண்மை. நாளைக்கும் அந்த வகுப்புக்குத்தான் போவாள். வேறு வகுப்பு இல்லை.