மோட்டார் சுருதியில் மூன்றாவது ஆல்பம்

அருமை மாப்ளே செல்வம்,

நீ போன பிறகு உனக்குச் சொல்ல எவ்வளவோ சேர்ந்துவிட்டது. முதலில் நல்ல சேதி. சுருளிப்பட்டித் தோட்டத்தில் உன் பன்னீர் திராட்சை இந்தத் தடவை பந்தல் கொள்ளாமல் காய்த்திருக்கிறது. எனக்குத்தான் இடது தோள்பட்டை இறுகிவிட்டது. டிரம்ஸில் சிம்பலைத் தாழ்த்தி வைத்து வாசிக்கிறேன். சிரிக்காதே, உனக்கும் வயதாகிக்கொண்டுதான் இருந்தது.

அதைத்தானே ஆல்பம் ஆல்பமாகப் பாடினாய்? நம் பேண்ட் கலைந்ததும் நீ தனியாகப் போட்ட முதல் ஆல்பத்தில், இந்த மலைகளைத் தாண்டி ஓடிவிடுவேன் என்று தொண்டை கிழியக் கத்தினாய். கம்பத்து டீக்கடைக்காரர் கேட்டுவிட்டு, "பாட்டு நல்லாத்தேன் இருக்கு, எந்தப் படத்துல வருது?" என்றார். இரண்டாவதில் நீ எங்கேயும் ஓடவில்லை. மகளின் ஸ்கூல் வேன் வராத காலையைப் பாடினாய். மூன்றாவதில் எழுத்து மங்குகிற கண்ணுக்கு ஒரு பாட்டு. உன்னைக் கேட்டுக் கேட்டுத்தான் நானும் நடுவயதுக்குப் பழகினேன், மாப்ளே.

அந்த மூன்றாவதில்தான் இப்போது சிக்கல்.

நீ பாடி முடித்து, நீ இந்தத் தடவை கேட்டிருந்த என் டிரம்ஸ் மட்டும் பாக்கி இருந்தபோது மாரடைப்பு உன்னைக் கொண்டுபோய்விட்டது. நீ பாடியதை எல்லாம் சென்னையில் ஒரு ஸ்டூடியோவுக்கு அனுப்பினேன். அங்கே இருந்த சவுண்ட் என்ஜினியர் அக்கறையாக வேலை பார்த்தவர்தான். "பின்னாடி ஏதோ இரைச்சல் சார், எடுத்துட்டேன். கிட்டாரும் குரலும் சுருதி விலகியிருந்துச்சு, அதையும் சரி பண்ணிட்டேன்" என்றார்.

அவருக்கு எப்படித் தெரியும்? தோட்டத்தில் கரண்ட் வரும்போதுதான் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். அங்கேயே நீ ரெக்கார்ட் பண்ணவும் அதே கரண்டுதான். மோட்டாரை நிறுத்தினால் கொடி காயும். "நிக்காத மோட்டாரோட எதுக்கு மல்லுக்கட்டணும்? அதுக்கே சுருதி சேத்துருவோம்ல" என்று அந்த உறுமலுக்குக் கிட்டார் கம்பியை முறுக்கியவன் நீ. எந்தக் கட்டையிலும் அடங்காத அந்தச் சுருதியில்தான் உன் மூன்று ஆல்பமும் இருக்கிறது. இப்போது நீ இருக்கிற இடத்திலாவது கரண்ட் ஒழுங்காக வருகிறதா?

ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன், சுத்தம் செய்த குரல் எனக்குப் பிடித்துப்போனது. இருபத்தைந்து வயதுச் செல்வம் எழுந்து வந்து பாடுவது போல இருந்தது. ஆசை ஆசையாக எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்ட உன் மனைவி, இரண்டாவது பாட்டில் கையை நிறுத்திவிட்டாள்.

"யாருண்ணே இது?"

"என்ன தாயி, நம்ம செல்வம்தேன்."

"அவுக வரிக்கு வரி மூச்சு வாங்குவாகளே, எங்க அது? இந்த இளவட்டத்த நான் பார்த்ததே இல்லண்ணே. நான் பறிகொடுத்தது நரைச்ச மனுசன. அவுகளக் கொண்டாங்க."

உன் இளமைக்கு ஆசைப்பட்டு உன்னையே தொலைக்கப் பார்த்தேனே என்று அழுதுவிட்டேன். அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அங்கிருந்தே என்ஜினியருக்குப் போன் போட்டு, ஒன்றையும் தொடாமல் நீ பாடியபடியே திருப்பி அனுப்பச் சொன்னேன்.

"கேக்குறவங்க தப்புன்னு நினைப்பாங்க சார்."

நினைக்கட்டும் என்றேன்.

இப்போது மோட்டார் ஓடுகிறது, நீ பாடுகிறாய், நான் ஸ்பீக்கருக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறேன். பேண்டில் இருந்த காலத்தில் நீ கொஞ்சம் இடைவெளி விட்டால் போதும், நான் புகுந்து உருட்டித் தள்ளிவிடுவேன். மேடையிலேயே திரும்பி முறைப்பாய். நீ தனியாகப் போனது அதனால்தானா, மாப்ளே? கேட்டிருக்கலாம், கேட்காமலே இருந்துவிட்டேன்.

நாளைக்கு என் பங்கை வாசிக்கப் போகிறேன். உனக்கு வாக்குக் கொடுக்கிறேன்: நீ மூச்சு வாங்குகிற இடத்தில் குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பேன். அடுத்த வரியை நீ எடுத்த பிறகுதான் அடிப்பேன். எனக்கு ஒரு அவசரமும் இல்லை, நீ மெதுவாகவே வா.

உன் பாட்டோடு மூப்படைகிற மச்சான்,
பாண்டி