ஓலைக்குள் கணக்கு

பவளத்தின் அப்பாவுக்கு,

பெண் பெரியவளானதும் உங்கள் அக்கா பச்சை ஓலையில் குடிசை கட்டி உட்கார வைத்துவிட்டார். உதவித்தொகைக்கான கிராமத் திறன் தேர்வு இருக்கிறதே என்றேன். "தீட்டோட இன்னாடி பரீட்சை வேண்டிக்கீது அவளுக்கு?" என்கிறார். அடுத்த வருடம் எழுதட்டும் என்று நீங்களும் கடிதம் போடுகிறீர்கள். எட்டாம் வகுப்பில் மட்டும்தான் அந்தத் தேர்வு. அதுகூடவா தெரியாது உங்களுக்கு?

தொடக்கூடாதாம், சரி. வெளியே நின்று கணக்குக் கேட்டேன். ஓலைக்குள்ளிருந்து ஒன்றுவிடாமல் விடை சொன்னாள்.

இன்று விடியலில் தலைக்கு ஊற்றி, உத்திரமேரூர் அழைத்துவந்து தேர்வில் உட்கார வைத்துவிட்டேன். பள்ளிக்கூட வாசலில் காத்திருந்தபடிதான் இதை எழுதுகிறேன்.

குடிசை காலியாகக் கிடக்கிறது. யாராவது உட்கார்ந்தே ஆகவேண்டுமென்றால், உங்கள் அக்காவை உட்காரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா