ஒரு கல்கூடப் படாத அரக்கு வண்டி

பானெட்டில் கல் படுவதைத் தவிர வேறெதற்கும் பயப்படாத என் அருமை மாமாவுக்கு,

முதலில் ஒரு செய்தி. கொஞ்சம் உட்கார்ந்துகொண்டு கேளுங்கள். அக்கா கார் லைசென்ஸ் வாங்கிவிட்டாள். ஐம்பத்திரண்டு வயதில், ஒரே டெஸ்டில். ரிவர்ஸ் எடுக்கும்போது மட்டும் இன்ஸ்பெக்டர் கொஞ்சம் தள்ளிப்போய் நின்றுகொண்டாராம்.

மறுநாளே என் வீட்டு வாசலுக்கு வந்து கையை நீட்டினாள். "சாவிய குடுடா சேகரு." நான் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டேன். நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிறது. அந்த ஒரு வருஷமும் உங்கள் வண்டிச் சாவி என் சட்டைப் பையில்தான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஷெட்டைத் திறப்பேன், துடைப்பேன், ஐந்து நிமிஷம் இன்ஜினை ஓடவிடுவேன், பூட்டிவிட்டு வந்துவிடுவேன். உங்கள் பட்டுத் தறிகளை இப்போது அக்காதான் பார்த்துக்கொள்கிறாள். சேவூர் நெசவாளிகளுக்குத் தறியில் ஏற்றும் பாவு நூலைக் கொண்டுபோக டவுன் பஸ்ஸுக்குக் காத்து நிற்பாள். இல்லையென்றால் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு என் பைக்கில் வருவாள். கார் மட்டும் நிழலில் சுகமாகத் தூங்கும்.

"குடுக்க முடியாதுக்கா. மாமா சொல்லிட்டுப் போயிருக்காரு" என்றேன்.

நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று உங்களுக்கே நினைவிருக்கிறதா? ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மச்சான், வண்டிய பாத்துக்கோ. கல்லு கில்லு பட்டுடப் போவுது" என்றீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் பேசவில்லை. அக்கா உங்கள் கால்மாட்டில்தான் நின்றுகொண்டிருந்தாள். பிறகு ஒரு நாள், ஒரே ஒரு தடவை, "முப்பது வருஷம் கூட இருந்தேன்டா. கடைசியா வண்டிய பத்திதான் பேசிட்டுப் போனாரு" என்று சொன்னாள். அப்போது உங்கள் மேல் எனக்குக் கோபம் வந்தது மாமா. இப்போது சொல்வதற்கு என்ன, நீங்கள் சண்டைக்கு வரவா போகிறீர்கள்?

ஆனாலும் உங்கள் பைத்தியம் ஊருக்கே தெரிந்ததுதானே. ஷோரூமுக்கு ஒரு கண்டு அரக்குப் பட்டு நூலை எடுத்துப்போய், ஒவ்வொரு காராக வெயிலில் நிறுத்தச் சொல்லி, நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்த்து வாங்கியவர் நீங்கள். அந்த விற்பனைக்காரர் மைலேஜைப் பற்றிச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார். நீங்கள் நூலை முறுக்கிக்கொண்டே இருந்தீர்கள்.

அப்புறம் உங்கள் இடைவெளிச் சட்டம். முன்னால் லாரி போனால் எட்டு லாரி நீளம் தள்ளித்தான் நாம் போகவேண்டும், டயரில் கிளம்பும் கல் அதற்கு மேல் பறக்காது என்பீர்கள். நீங்கள் விட்ட இடைவெளியில் ஒரு பஸ் வந்து நுழையும். உடனே பஸ்ஸுக்கும் எட்டு நீளம் பின்வாங்குவீர்கள். அதில் ஒரு டிராக்டர் நுழையும். நெல் லாரிகள் ஓடும் களம்பூர் ரோட்டில் இப்படிப் பின்வாங்கிப் பின்வாங்கி, "இன்னும் கொஞ்ச நேரம் போனா ஆரணிக்கே திரும்பி வந்துடுவோம்ங்க" என்று அக்கா சொல்வாள்.

கஞ்சி விஷயத்தை நான் எழுதக்கூடாது என்றுதான் நினைத்தேன். எழுதாமல் இருக்க முடியவில்லை. பாவுக்குக் கஞ்சி போட்டால் நூல் அறுபடாமல் தாங்குகிறது, அப்படியானால் பெயிண்டுக்கும் போட்டால் என்ன என்று யோசித்தீர்களே, உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரனுக்கும் அந்த யோசனை வந்திருக்காது. அரிசிக் கஞ்சியை வடிகட்டி, பானெட் முழுக்க மெல்லிசாகத் தடவி, வெயிலில் காயவைத்தீர்கள். "இனிமே கல்லு வந்தா வழுக்கிகினு போயிடும் பாரு" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினீர்கள். நாம் டீ குடித்துவிட்டு வருவதற்குள் எதிர்வீட்டுப் பசு பாதி பானெட்டை நக்கிவிட்டிருந்தது. நாக்கு பட்ட இடமெல்லாம் மங்கிப்போனது. ஒரு வாரம் வரைக்கும் அந்தப் பசு நேரம் தவறாமல் வந்து வண்டியைப் பார்த்து நின்றது. நீங்கள் அதனோடு பேசவே இல்லை.

இதெல்லாம் இருந்தும், ஏழு வருஷத்தில் என் வண்டியில் ஒரு கல் பட்டதில்லை என்று காந்தி சிலையிலிருந்து கோட்டை மைதானம் வரைக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தீர்கள். நாங்களும் ஆமாம் என்று தலையாட்டினோம்.

சரி, நடந்ததற்கு வருகிறேன். அக்கா சாவி கேட்டாளா, எனக்கு ஒரு தந்திரம் தோன்றியது. வேலூரில் காருக்கு மேல் கண்ணுக்கே தெரியாத ஒரு பிலிம் ஒட்டுகிறார்கள், கல் பட்டாலும் பெயிண்டுக்கு ஒன்றும் ஆகாது. "அத ஒட்டிட்டு அப்புறம் ஓட்டுக்கா" என்றேன். எப்படியும் இரண்டு மாதம் தள்ளிப் போடலாம் என்பது என் கணக்கு. அவளோ, "இப்பவே போலாம் வா" என்று புடவையை மாற்றப் போய்விட்டாள்.

நான்தான் ஓட்டினேன். உங்கள் எட்டு நீளத்தை விடாமல் காப்பாற்றி வேலூர் போய்ச் சேர்வதற்குள் அக்கா ஒரு தூக்கம் தூங்கி எழுந்தாள். கடைக்காரர் வயசான பாய் ஒருவர். மூக்குக் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, கையில் ஒரு விளக்கைப் பிடித்து, பானெட்டை விரல் விரலாகப் பார்த்தார்.

"ஒரு கல்லுகூட பட்டதில்ல பாய்" என்றேன் பெருமையாக.

"யாரு சொன்னது?" என்றார். "இங்க பதினொண்ணு இருக்குது. மூணு பேர் கைவேல பண்ணிருக்காங்க."

எனக்குப் புரியவில்லை. பாய் ஒரு புள்ளியில் விளக்கை வைத்தார். "இது நெயில் பாலிஷ். நல்லா கலர் சேத்துருக்காங்க, சாதாரண கண்ணுக்குத் தெரியாது." அக்கா சட்டென்று சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்க்க ஆரம்பித்தாள். பாய் அடுத்த புள்ளிக்குப் போனார். "இது இன்னா பேஜார்? கோந்துல ஏதோ சாயத்த கொழச்சு அப்பிருக்கான் ஒருத்தன். முட்டாப் பய." இந்தத் தடவை காலண்டரைப் பார்த்தது நான்.

ஆமாம் மாமா, அது நான்தான். உங்களிடம் வண்டியை இரவல் வாங்கிக்கொண்டு களம்பூருக்குப் போனேனே, அன்றைக்கு ஒரு லாரி பின்னால் கொஞ்சம் ஒட்டிப் போய்விட்டேன். பயத்தில் சாயப்பட்டறையில் மிச்சமிருந்த அரக்குச் சாயத்தைக் கோந்தில் குழைத்துப் பூசினேன். முதல் மழையில் அதில் பாதி ஒழுகி பம்பரெல்லாம் சிவப்பாக வழிந்தபோது, ஆயுத பூஜைக் குங்குமம் என்று சொன்னேன். நீங்களும் நம்பினீர்கள். ஆயுத பூஜை முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

அக்காவும் ஒத்துக்கொண்டாள். ஒரு சின்னக் கல் பட்டதைப் பார்த்து ஒரு தடவை இரண்டு நாள் நீங்கள் சரியாகச் சாப்பிடவில்லையாம். அதற்கப்புறம் நீங்கள் குளிக்கப் போகும் நேரத்தில் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, மூன்று நெயில் பாலிஷைக் கலந்து புள்ளி வைத்துவிடுவாளாம். முதலில் பட்ட கல்லையும் அப்படியே மறைத்துவிட்டு, அது வெறும் மண் கறை என்று உங்களிடம் சத்தியம் செய்திருக்கிறாள். நூல் நிறம் பார்க்கும் கண்ணல்லவா, கச்சிதமாக ஒத்துப்போயிருக்கிறது.

"அப்ப மூணாவது ஆளு யாரு?" என்றார் பாய். பானெட்டின் விளிம்பில் மூன்று இடங்களைத் தொட்டுக் காட்டினார். மேலே மெழுகு பாலிஷ் கனமாகத் தேய்த்திருந்தது. நகத்தால் மெதுவாகக் கிளப்பினார். வட்டமாக, முழுசாக, ஒன்று கையோடு வந்தது. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, கொஞ்சம் சங்கடத்தோடு சொன்னார்.

"இது பொட்டும்மா. ஸ்டிக்கர் பொட்டு."

அக்கா அருகில் வந்து பார்த்தாள். அவளுடைய அரக்குப் பொட்டுதான். குளிக்கப் போகும்போது கண்ணாடியில் ஒட்டிவைப்பது அடிக்கடி காணாமல் போகிறது என்று வீட்டு வேலைக்கு வரும் அம்மாவைக்கூட ஒரு தடவை கேட்டுவிட்டாள். நீங்கள் எடுத்திருக்கிறீர்கள்! வண்டியில் கல் பட்டது அவளுக்குத் தெரியக்கூடாது என்று, அவள் பொட்டையே எடுத்து ஒட்டியிருக்கிறீர்கள். ஏன் மாமா? ஊருக்குச் சொன்ன பெருமை போய்விடும் என்றா? எட்டு நீளத்தை வைத்து அவள் கேலி பண்ணிவிடுவாள் என்றா? இல்லை, உங்களை மாதிரியே அவளும் சாப்பிடாமல் இருந்துவிடுவாள் என்று பயந்தீர்களா?

அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். பாய் கடையில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "திருடன்டா உங்க மாமா, பொட்டுத் திருடன்" என்றாள். நீங்கள் போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது, துடைத்துக்கொண்டாள், மறுபடி சிரித்தாள்.

பாய் தொழிலுக்கு வந்தார். இந்தப் புள்ளிகளுக்கு மேல் பிலிம் ஒட்ட முடியாது, எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துப் புதுசாகப் பெயிண்ட் அடித்தால்தான் ஆகும் என்றார்.

"வேணாம் பாய்" என்றாள் அக்கா. "மிச்சம் ரெண்டும் அங்கியே இருக்கட்டும். அவரு வச்சது."

பிறகு பாய் கையிலிருந்த பொட்டை வாங்கினாள். மாமா, உங்கள் காரியத்தன்று பெரியவர்கள் சேர்ந்து அக்காவின் நெற்றியைத் துடைத்தபோது நானும் அங்கே நின்றேன். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. அதிலிருந்து அவள் நெற்றி வெறுமையாகத்தான் இருக்கிறது, லைசென்ஸ் போட்டோவிலும் அப்படித்தான். இப்போது கார் கண்ணாடியில் குனிந்து அந்தப் பொட்டை வைத்துப் பார்த்தாள். பசை போய்விட்டது, நிற்கவில்லை, கீழே விழுந்தது. மறுபடி எடுத்து வைத்தாள். மறுபடி விழுந்தது.

பாய் மேஜை இழுப்பறையைத் திறந்தார். இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பைப் பொட்டு அளவுக்கு வட்டமாக வெட்டி, பொட்டின் பின்னால் ஒட்டி நீட்டினார். "இது கார் டேப்புமா. மழ வந்தாலும் போவாது" என்றார்.

அக்கா அதை நெற்றியில் வைத்து அழுத்தினாள். அப்புறம் என் பக்கம் திரும்பிக் கையை நீட்டினாள். நான் சாவியைக் கொடுத்தேன்.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். உங்கள் வார்த்தையைக் காப்பாற்றத்தான் சாவியை வைத்திருந்தேன் என்று இத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருந்தேன். அதில் பாதிதான் நிஜம். அக்கா எங்கே போவதானாலும் என்னைத்தான் கூப்பிட வேண்டும் என்பது எனக்குப் பிடித்திருந்தது. அதற்கு உங்கள் பெயர் வசதியாக இருந்தது.

திரும்பி வரும் வழியில், கண்ணமங்கலம் தாண்டி ஒரு ஜல்லி லாரி முன்னால் போனது. எட்டு நீளம் என்று நான் வாயெடுப்பதற்குள் அக்கா நேராக அதன் வாலுக்கே போய்விட்டாள். டக்கென்று பானெட்டில் ஒன்று விழுந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அக்கா ஹாரன் அடித்து லாரியைத் தாண்டினாள். "இன்னாடா, மூச்சு விடு" என்றாள்.

தெருவில் வண்டி நின்றதும் எதிர்வீட்டம்மா ஓடிவந்தார். வண்டியைப் பார்த்தார், ஸ்டியரிங்கைப் பார்த்தார், கடைசியில் அக்காவின் நெற்றியில் அவர் கண் நின்றது.

"இன்னா வசந்தா... இது?"

"வண்டியில இருந்துச்சுக்கா, எடுத்துகினேன்" என்றாள் அக்கா. "எங்க வீட்டுக்காரரு எனக்கு வச்சிட்டுப் போனது."

மறுநாளும் வைத்துக்கொண்டாள். இன்றைக்கும் வைத்திருக்கிறாள்.

மாமா, உங்களுக்கு ஒரு சத்தியம் செய்து தருகிறேன். உங்கள் பெயரைச் சொல்லி இனி ஒரு நாளும் அக்காவை நிறுத்த மாட்டேன், யாராவது நிறுத்த வந்தால் சும்மா நிற்கவும் மாட்டேன்.

இப்படிக்கு,
இடது பக்கச் சீட்டில் பெல்ட்டை இறுக்கிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும்,
உங்கள் மச்சான் சேகர்