நீ காரில் விட்டுப்போன டப்பா

வானகரம்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் அகல்யாவுக்கு அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் பேத்தி நிவேதிதாவும் மெல்போர்னில் சளி, காய்ச்சல் இல்லாமல் சுகமாக இருக்க வேண்டும். போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போன் என்றால் இரண்டாவது வார்த்தையிலேயே மீட்டிங் என்று வைத்துவிடுவாய், காகிதத்தில் அதற்கு வழியில்லை.

இங்கே பைபாஸ் ஓரம் மறுபடியும் பள்ளம் தோண்டுகிறார்கள், வீடு முழுக்கப் புழுதி. அப்பாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை. நீ வாங்கிக் கொடுத்த ஓவனை உறை போட்டு மூடிவிட்டேன், இனி அதற்கு வேலையில்லை. இந்தத் தடவை ஊருக்கு வந்தால் ஓட்டலில்தான் தங்குவோம், நிவிக்குக் காலையில் இனிப்பும் காரமும் தடவின பேக்கன் இல்லாவிட்டால் சாப்பாடு இறங்காது, உன்னால் அதெல்லாம் முடியாதம்மா என்று சொன்னாயே, அந்த ஒரு சொல்லுக்காக அறுபத்திரண்டு வயதில் அதைக் கற்றுக்கொண்டேன். பேக்கன் என்பது உப்பிட்டுப் புகைகாட்டின பன்றிக்கறி, உன் அப்பாவோ பன்றிக்கறியை வாசல் தாண்ட விடாதவர். பேத்தி நம் வீட்டில் நாலு நாள் தங்குவாள் என்று சொல்லித்தான் சம்மதிக்க வைத்தேன். தட்டு, கத்தி, இடுக்கி எல்லாம் தனி. முதல் தடவை, எந்தக் கறியானாலும் செய்வதுபோல மஞ்சளும் உப்பும் போட்டு மூன்று தண்ணீர் கழுவினேன். புகை வாசனையெல்லாம் தண்ணீரோடு போய், வறுபடாமல் வெந்து மஞ்சளாகச் சுருண்டு கிடந்தது. படம் அனுப்பினேன். பேக்கனை யாராவது கழுவுவாங்களாம்மா என்று மாப்பிள்ளையையும் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தாய். கழுவாத கறியை உனக்கு ஒருநாளும் போட்டதில்லையடி, அது தப்பா? இரண்டாம் தடவை வெல்லம் கருகி ஒரே புகை, மேல்வீட்டு வசந்தா பதறி ஓடிவந்தாள். மூன்றாம் தடவை துண்டுகளைக் கம்பித்தட்டில் பரப்பி, பாதி வெந்தபின் பொடித்த வெல்லமும் மிளகாய்த்தூளும் மிளகும் தடவி, ஓவன் பக்கத்திலேயே நின்று எடுத்தேன். பளபளவென்று வந்தது, ஆறியதும் முறுக்குபோல உடைந்தது. அப்பாகூட எட்டிப் பார்த்தார். வந்துவிடு, கற்றுக்கொண்டேன் என்றேன். ரூம் போட்டாச்சும்மா என்றாய்.

வந்தாய், நாலு மணி நேரம் இருந்தாய், பெட்டியைக் காரைவிட்டு இறக்கவேயில்லை. உன் கல்யாணத்துக்கு வாங்கி உன் பெயர் வெட்டின எவர்சில்வர் டப்பாவில் பேக்கனை நிரம்ப வைத்து உன் கையில் கொடுத்தேன். மறுநாள் அந்தக் கார் டிரைவர் சரண் டப்பாவோடு வாசலில் நிற்கிறான். ஓட்டலாண்ட எறங்கசொல்ல டப்பாவ எடுத்துக்கோங்கன்னேம்மா, வேணாம், நீயே வெச்சுக்கோன்னுட்டாங்க, பேரு வெட்டிக் கீது, வெச்சுக்க மனசு வரல என்றான். உள்ளே இருந்ததை அவனும் அவன் மனைவியும் சாப்பிட்டார்களாம். சோக்கா கீதும்மா, எப்படி செஞ்சாங்கன்னு ஊட்ல கேட்டுகினே கீறா என்றான். நான் செய்ததற்குக் கிடைத்த ஒரே நல்ல வார்த்தை அதுதான். கூடவே நின்று கேட்ட அப்பா அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை.

பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று சும்மாவா சொன்னார்கள். வேண்டாம் என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தால் அழுதுவிட்டு மறந்திருப்பேன். யாரோ ஒரு டிரைவரிடம் சொன்னதை என்னிடம் சொல்லாமல் நீ போக, நான் வாசலில் நின்று கையாட்டிக்கொண்டிருந்தேனே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

இரும்புச்சத்து மாத்திரையை விட்டுவிடாதே. நிவிக்கு முத்தம். நீ செய்து கொடுப்பதை உன் மகள் உன் எதிரில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், அதுதான் உனக்கு என் ஆசீர்வாதம். டப்பாவைக் கழுவித் துடைத்து ஓவன் மேலே வைத்திருக்கிறேன். கூரியரில் அனுப்ப மாட்டேன். உன் பெயர் போட்டது, நீதான் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

இன்னமும் உன் அம்மாவாகிய,
சரசா