பெருத்த மாதத்தைப் பன்னிரண்டால் பெருக்கியவள்

அன்புள்ள ஜோலீனுக்கு,

மெசாவிலிருந்து அம்மா எழுதுகிறேன். முழங்காலைத் தவிர எல்லாம் நலம். நீயும் மாப்பிள்ளையும், நான் இன்னும் மடியில் போட்டுப் பார்க்காத குட்டி ஓப்பலும் கடல் தாண்டி வெலிங்டன் குளிரில் சுகமாக இருக்கிறீர்களா? குழந்தைக்குக் காது மூடுகிற தொப்பி போடு. இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது.

நேரே சொல்லிவிடுகிறேன், எனக்கு வயிறு எரிகிறது. உன் ஆர்லீன் சித்தி நவம்பரில் உன் வீட்டுக்கு வருகிறாளாமே! நீச்சல் குளத்தில் எல்லார் முன்னாலும், "டிவிடெண்டே டிக்கெட் எடுத்துக் குடுத்துருச்சுக்கா, போட்ட பணத்துல கையே வைக்கல" என்றாள், வாயெல்லாம் பல். பெற்றவள் நான் இங்கே குத்துக்கல்லாக இருக்க, என் பேத்தியை அவள் முதலில் தூக்குவதா? அன்று எனக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. பங்குச் சந்தையில் ஆப்ஷன் என்று எதையோ விற்று மாதாமாதம் காசு தருகிற ஏதோ ஃபண்டாம், நாற்பதாயிரம் டாலர் போட்டாளாம், மார்ச்சில் ஆயிரம் வந்ததாம், அப்படியானால் வருஷத்துக்குப் பன்னிரண்டாயிரம், முப்பது சதவீதம் என்று தம்பட்டம். என் பேங்க் டெபாசிட் தருவது நாலு. பொறுக்க முடியவில்லை, அப்பாவின் டோனட் கடையை விற்ற பணத்தை அதில் கொட்டிவிடக் கிளம்பினேன்.

ஆனாலும் உறுத்தியது. சீட்டாடும்போது, ஏப்ரலில் எவ்வளவு என்று கேட்டேன். "எழுநூறு சொச்சம்" என்றாள். மே மாதம்? "அதையெல்லாம் யாருக்கா பாத்தா, சீட்டப் போடு" என்றாள். எனக்குப் பொறி தட்டியது. நன்றி நாள் பண்டிகை வாரத்து வியாபாரத்தை ஐம்பத்திரண்டால் பெருக்கி, அதை நம்பிச் செலவு செய்திருந்தால் நாங்கள் கடையை எப்போதோ இழுத்து மூடியிருப்போம். ஃபண்ட் ஆபீசுக்கே போன் போட்டேன். சந்தை குதிக்கிற மாதம் காசு பெருகும், அடங்கினால் சுருங்கும் என்றான் போனை எடுத்த பையன். நான் விடாமல் குடைந்ததும், "சில மாசம் அதுல ஒரு பங்கு நீங்க போட்ட பணத்தையேதான் மேடம் திருப்பித் தர்றோம்" என்றான். என் பணத்தை எனக்கே கொடுக்கக் கட்டணம் வேறா என்றேன், இருமினான். அவள் போட்ட நாற்பதாயிரமும் இப்போது முப்பத்திரண்டாயிரம்தான் பெறுமாம். இதை ஆர்லீனிடம் சொன்னால், "பொறாமைல பேசறே" என்றாள். ஆமாண்டி, பொறாமைதான், கணக்கும் சரிதான் என்று சொல்லிவிட்டு வந்தேன். இன்னும் பேச்சில்லை.

அப்புறம்தான் யோசித்தேன். என் பணத்தை எனக்கே தருவதற்கு நடுவில் ஃபண்டுக்காரன் எதற்கு? நேற்று பேங்குக்குப் போய் டோனட் பணத்தில் கொஞ்சம் எடுத்து டிக்கெட் வாங்கிவிட்டேன். அப்பா இருந்தால் என்னை நன்றாகத் திட்டியிருப்பார், பிறகு ஜன்னலோர சீட்டு கேட்டிருப்பார். அக்டோபர் ஒன்பதாம் தேதி இறங்குகிறேன், மாப்பிள்ளையை விமான நிலையத்துக்கு அனுப்பு.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருங்கள், தினமும் வேண்டிக்கொள்கிறேன். ஒன்று மட்டும் மறக்காதே, சித்தியிடம் மூச்சு விடாதே. நவம்பரில் அவள் வந்து மணி அடிக்கும்போது கதவைத் திறப்பது நானாக இருக்க வேண்டும், இடுப்பில் ஓப்பலோடு.

முத்தங்களுடன்,
உன் அம்மா வெர்னா