அஸ்லமுக்கு: நம் லாட்டரி பிக் பற்றி

என் சண்டைக்காரத் தோஸ்த் அஸ்லமுக்கு,

நீ இல்லாமல் நடந்த முதல் டிராஃப்ட் முடிந்து, இப்போதுதான் பிரவுசிங் சென்டரில் வந்து உட்கார்ந்திருக்கிறேன். நெட்டில் நம் டீம் குரூப்பில் எல்லாரும் என்னைத் திட்டி எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும் என்று இதையும் அங்கேயே போடுகிறேன். ஆனால் நான் பதில் சொல்ல வேண்டியது உனக்கு மட்டும்தான்.

அமெரிக்காக்காரன் டிராஃப்ட் என்று லாட்டரி போட்டு ஆள் எடுப்பதை நெட்டில் படித்துப் படித்து, நம் நாலு ஊர் பாஸ்கெட்பால் லீக்குக்கும் அதைக் கொண்டுவந்தவன் நீ. கடைசியாக வந்த டீமுக்குப் பையில் நாலு துண்டு, ஜெயித்த டீமுக்கு ஒரே துண்டு. யார் துண்டு முதலில் வருகிறதோ, அவர்கள் புதுப் பையன்களில் முதல் ஆளை எடுக்கலாம். எடுக்கிற அந்த உரிமைதான் பிக். போன சீசனில் நம் ஆம்பூர்தான் கடைசி. இந்த முறையும் கடைசி என்றால் டீமே வேண்டாம் என்று, ஜெர்சி வாங்கித் தரும் முதலாளி சொல்லிவிட்டார்.

கடைசியாகப் பார்த்தபோது வேலூர் ஆஸ்பத்திரியில் அத்தனை கட்டுகளோடு படுத்துக்கொண்டு நீ என்ன சொன்னாய்? "டேய் ஜெரோம், மார்ட்டினை விட்றாத. பிக்கை எவன் கேட்டாலும் குடுக்காத." சர்ச் கிரவுண்டில் இடது கையால் பந்து போடுகிற அந்த ஒல்லிப் பையன் இந்த வருஷம்தான் டிராஃப்டுக்கு வந்தான்.

போன வாரம், போன சீசனில் ஜெயித்த வாணியம்பாடியின் கேப்டன் ரஃபி பாய் நம் பிக்கைக் கேட்டார். பதிலுக்குத் தன் டீமின் நெட்டை நவீத்தைத் தருகிறாராம். குரூப் ரெண்டாகப் பிரிந்தது.

"ஆறடி ஆளு தானா வர்றான். பையில இன்னா வரும்னே தெரியாத பிக்கைக் கட்டிக்கினு அழறியே!"

"அஸ்லம் குடுக்காதன்னு சொன்னான்."

"ரீபவுண்டு எடுக்க அஸ்லமா வரப்போறான்?"

அதைப் படித்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டேன். அன்றைக்கே ரஃபி பாய்க்கு முடியாது என்று சொல்லிவிட்டேன்.

இன்றைக்குக் குலுக்கல். போன வருஷம் மடித்த சீட்டை அடையாளம் கண்டுகொண்டார்கள் என்று சண்டை வந்ததே, அதனால் இந்த முறை காகிதம் வேண்டாம், தோல் துண்டு என்று முடிவு. ஒவ்வொரு டீமும் கைக்குக் கிடைத்த தோலில் வெட்டிக் கொண்டுவந்தது. வழக்கப்படி ஜெயித்த டீம் கேப்டன் கையை விட வேண்டும். ரஃபி பாய் தோல் பதனிடுகிற ஷாப்பில் என்ன வேலை செய்கிறார்? தடவிப் பார்த்தே தரம் பிரிக்கிறவர்!

"நிறுத்துங்க பாய்!"

"இன்னாடா?"

"எங்களுது ஆட்டுத்தோலு, உங்களுது மாட்டுத்தோலு. கண்ணைக் கட்னாலும் உங்க விரலுக்குத் தெரியும்."

கூட்டத்தில் யாரோ, "நம்ம ஊர்ல போய் தோல்ல லாட்டரி வெச்சோம் பாரு, நம்மள இன்னா சொல்றது!" என்று சிரித்தார்கள். ரஃபி பாய் சிரிக்கவில்லை. பக்கத்து ஷாப்பிலிருந்து சுண்ணாம்புத் தொட்டியில் இறங்குகிறவர்கள் போடும் ரப்பர் கிளவுஸ் வந்தது. முழங்கை வரைக்கும் மாட்டினார்.

"இப்போ ஆடா, யானையான்னு கூடத் தெரியாது. போதுமா?"

கையை விட்டார். எடுத்தார். வாணியம்பாடியின் அந்த ஒற்றைத் துண்டு.

கிளவுஸ் போடச் சொன்னதே நான். கள்ளாட்டம் என்று கத்தவும் வழியில்லை. அவர் நேராக மார்ட்டினைக் கைகாட்டினார்.

அப்புறம் பக்கத்தில் வந்து சொன்னார்: "மார்ட்டினைத் தர்றேன். அடுத்த வருஷத்துப் பிக்கைக் குடு."

"அது எதுக்கு பாய்?"

"அடுத்த வருஷமும் நீங்கதான கடைசி? உங்க டீம் இருந்தாலும் இல்லாட்டியும் அந்த நாலு துண்டும் என்னுது."

எல்லாரும் சிரித்தார்கள். நம் பையன்கள் என் முகத்தையே பார்த்தார்கள். நீ சொன்னது ரெண்டு. ஒன்றைக் காப்பாற்ற இன்னொன்றை மீற வேண்டும். நீ இருந்திருந்தால் எதை விட்டிருப்பாய்? யாரைக் கேட்பேன்?

கொடுத்துவிட்டேன் அஸ்லம். பிக்கைக் கொடுத்து மார்ட்டினை வாங்கிவிட்டேன்.

நாளைக்கு டீமே இல்லாமல் போனால் பிக்கை வைத்துக்கொண்டு என்ன செய்ய? இதைச் சொன்னால் நீ விடியும்வரை சண்டை போடுவாய். போடேன்டா. வழியில் உங்கள் வீட்டுக்குப் போனேன். "இன்னா பேட்டா, ஜெயிச்சிங்களா?" என்றார் அம்மி. இன்னும் ஆடவே இல்லை என்று சொன்னேன்.

ரஃபி பாய் வாங்கினது நம் தோல்வியைத்தான். அதை அவருக்குக் கொடுக்க மாட்டேன். அடுத்த வருஷம் அவர் நம் பிக்கைக் கேட்டு வரும்போது, பையில் போட அவருக்கு ஒரே ஒரு துண்டுதான் கிடைக்கும். இது சத்தியம்.

உன் அம்மிக்கு மிச்சமிருக்கும் பையன்,
ஜெரோம்