பலகணி வழியே போன பட்டத்து யானை

அனுப்புவோர் பெயர்: யானைக் கொட்டிலைத் திறந்து, மழைமுகில் என்னும் யானையை இவ்வோலை கொணர்ந்த தூதனோடு இப்பொழுதே அனுப்புக, வழிக்கு இரண்டு கட்டுக் கரும்பும் கொடுக்க.

பெறுவோர்: பெருநீர் ஏரிகளின் காவலர், பகைவரும் விருந்துண்டு போகும் வாயிலை உடையவர், கரும்புல நாட்டு வேந்தர் அவியனார். தங்கள் ஏரிகள் தளும்புக. தங்கள் சினம் வற்றுக.

செங்கழனி நாட்டு மூத்த அமைச்சன் வெண்குன்றக் கிழான் வணங்கி வரைவது யாதெனின்:

எம் அரண்மனையின் மேற்குப் பலகணியைத் தாங்கள் அறிவீர்கள். அதைப் பார்த்துத்தானே சென்ற ஆண்டு தாங்களும் ஒன்று கட்டினீர்கள். வெளியூரார் நீட்டும் ஓலைகளை வாசகர் அங்கே நின்று ஓர் எழுத்தும் விடாமல் உரக்கப் படிப்பார். அரச கட்டளைகளும் அதே பலகணியில், அதே குரலில்தான் ஒலிக்கும். உள்ளே கேட்பவர் மறுபேச்சின்றிச் செய்வது மரபு. முன்னொருமுறை எவனோ ஒரு தும்மலை எழுதி நீட்ட, வாசகர் அதையும் படிக்க, படை முழுவதும் ஒருசேரத் தும்மிற்று. கொடிக்கம்பம் சாய்ந்ததை நான் கண்ணால் கண்டேன். என் மீசை இன்றும் கிழக்கு நோக்கியே இருக்கிறது. அன்றே விழித்திருக்க வேண்டும். சிரித்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டோம்.

பிறகு தங்கள் நாட்டுப் பலாப்பழ வணிகன் எயினன் வந்தான். தன் ஓலையில் பெயர் எழுதும் இடத்தில், பட்டத்து யானையை அவிழ்த்து இவனிடம் கொடுக்க என்று எழுதியிருந்தான். வாசகர் கீரந்தை படித்தார், பாகன் அவிழ்த்தான். விசாரித்தபோது கீரந்தை, படிப்பதுதான் என் வேலை, பெயரா கட்டளையா என்று பார்ப்பது கேட்பவன் வேலை ஐயா என்றார். பாகனோ, பலகணிக் குரலை எதிர்த்துக் கேட்க எனக்கென்ன இரண்டு தலையா, படித்தவருக்கல்லவா தெரிய வேண்டும் என்றான். யானை மழைமுகிலை விசாரிக்க வழியில்லை. அது தங்கள் கொட்டிலில் எயினன் தந்த காணிக்கையாக நின்றது.

திருப்பித் தருமாறு வேண்டினோம். பலகணியில் முறையாகப் படிக்கப்பட்டு வந்த யானை, ஆகவே எமதே என்று விடையளித்தீர்கள். எம் வேந்தர் பெருஞ்சாத்தனார் வெகுண்டு, நிறைநிலா உலாவுக்குள் யானை வராவிடில் கீரந்தையே தம்மைச் சுமந்து நகர்வலம் வர வேண்டும் என ஆணையிட்டார். எம் வேந்தர் புகழிலும் உடலிலும் பெரியவர். கீரந்தையோ காற்றடித்தால் தூணைப் பிடித்துக்கொள்பவர். நெல் மூட்டையைத் தூக்கிப் பழகுகிறார். மூட்டைதான் இன்னும் எழவில்லை.

ஆகவே இவ்வோலை. இதன் முதல் வரியைத் தங்கள் வாசகர் பலகணியில் உரக்கப் படித்துவிட்டார். தாங்கள் இவ்விடத்துக்கு வரும்போது மழைமுகில் எல்லையாற்றில் நீராடிக்கொண்டிருக்கும். முறையாகப் படிக்கப்பட்டுப் போன யானை அது. இந்த நியாயம் தாங்கள் கற்பித்ததே. தங்கள் வாசகரை வைய வேண்டாம். மிகத் தெளிவாகப் படித்திருப்பார்.

இன்றுமுதல் எம் பலகணியில், வெளியார் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் முன்னால் இவர் எழுதியிருப்பது என்று சொல்லியே படிக்க வேண்டும். பெயரிடத்தில் பெயரன்றி வேறிருந்தால் ஓலை உள்ளே வராது. தாங்களும் அவ்வாறே செய்க. கரும்பைக் கொடுத்து முடித்த பிறகு செய்க.

உலாவுக்குத் தாங்களும் எழுந்தருள்க. யானைமேல் எம் வேந்தர் அருகே, ஒடுங்கி அமர்ந்தால், இடமுண்டு. கீரந்தை முன்னால் சாமரம் வீசி நடப்பார். அதைத் தூக்க அவரால் முடிகிறது.

நெற்கதிர் முத்திரை பதித்தோம். விடை எழுதுங்கால் பெயரிடத்தில் தங்கள் பெயரையே எழுதுக. இஃது ஆணை.